செங்கூ: சொல்லும் செயலும்
தொகுகாவா கால ஜப்பானில் இசே திருக்கோயிலின் மறுகட்டுமானம்

ஜப்பானின் மியே மாவட்டத்திலுள்ள இசே திருக்கோயில் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படுகிறது. பழைய கட்டடத்தை ஒட்டி அதே பரப்புள்ள வெற்றுமனை ஒன்று உண்டு. அம்மனையில் அதே அமைப்பில் புதிய கட்டடம் எழுப்பப்பெறும். தெய்வம் அதனுள் குடிபுகுந்தபின் பழைய கட்டடம் பிரிக்கப்பெறும். அதன் மனை அடுத்த முறை வரும்வரை வெறும் நிலமாகக் கிடக்கும். கி.பி. 690இல் தொடங்கிய இவ்வழக்கம் 2013இல் 62ஆம் முறையாக நிறைவேறியது. 2033ஆம் ஆண்டுக்குரிய 63ஆம் முறையின் தொடக்கச் சடங்குகள் 2025இல் நடைபெற்றன.

இதனைப் பற்றிய பொது எழுத்துகளில் இரு கூற்றுகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. இது ஒரு மறுகட்டுமானச் சடங்கு என்பது ஒன்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இடையறாது, மாற்றமின்றி நடந்துவருகிறது என்பது மற்றொன்று. முதற்கூற்று, ‘செங்கூ’ என்னும் ஜப்பானியச் சொல்லின் பொருளோடு பொருந்தவில்லை. இரண்டாம் கூற்று வரலாற்றோடு பொருந்தவில்லை. சொல்லின் பொருள் எது, அச்சொல் குறிக்கும் செயல் இன்றைய வடிவை எப்போது பெற்றது என்னும் இரு வினாக்களையும் இக்கட்டுரை தொகுகாவா ஆட்சிக் காலத்தை (1603–1867) நடுவாக வைத்து ஆராய்கிறது. இவ்வினாக்கள் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியவை. ஒரு பண்பாட்டின் கலைச்சொல்லை வேற்றுமொழியில் தரும்போது நேரும் சிறு பிறழ்ச்சி, அப்பண்பாட்டின் வரலாற்றையே பிறழக் காட்டிவிடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

1. சொல்லின் பொருள்

இவ்வழக்கத்தின் முழுப்பெயர் ‘ஷிகினென் செங்கூ’ என்பதாகும். ‘ஷிகி’ என்பது வகுத்துரைக்கப்பட்ட விதி. ‘நென்’ என்பது ஆண்டு. எனவே ‘ஷிகினென்’ என்பதற்கு விதித்த ஆண்டு என்பது பொருள். ‘செங்கூ’ என்பதில் ‘சென்’ என்னும் உறுப்பு இடம்பெயர்தலைக் குறிக்கும். தலைநகரை மாற்றுதலைக் குறிக்கும் ‘செந்தோ’ என்னும் சொல்லில் வருவதும் இவ்வுறுப்பே. ‘கூ’ என எழுதப்பெறும் சீன எழுத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘மியா’ என்றும் ஒலிப்பு உண்டு. ‘மி’ என்பது உயர்வுப்பொருள் தரும் முன்னொட்டு. ‘யா’ என்பது வீடு. ஆகவே ‘மியா’ என்பது மாண்புடைய இல்லம். அரசனின் மாளிகைக்கும் தெய்வத்தின் உறைவிடத்திற்கும் அதுவே பெயர்.

தமிழ் வாசகர்க்கு இஃது எளிதில் விளங்கும். கோ, இல் என்னும் இரு சொற்களால் ஆகிய ‘கோயில்’ என்பதும் பழந்தமிழில் அரசன் மனையையும் இறைவன் உறைவிடத்தையும் குறித்தது. இரு மொழிகளுக்கும் இடையே தொடர்பு ஏதுமின்றி ஒரே கருத்து ஒரே வகையில் சொல்லாகியிருக்கிறது.

ஆகவே ‘செங்கூ’ என்பதன் நேர்ப்பொருள் கோயில் மாறுதல் என்பதே. கட்டுதல் என்னும் பொருள்தரும் உறுப்பு அச்சொல்லில் இல்லை. கட்டுமானப் பணியைக் குறிக்க ‘சோஎய்’ என்னும் வேறு சொல் உண்டு. சடங்கின் உச்சமும் கட்டடத்தைச் சார்ந்ததன்று. இரவில் விளக்குகள் அணைக்கப்பெற்று, வெண்பட்டுத் திரைகளின் மறைவில் தெய்வத்தின் அடையாளப்பொருள் பழைய இல்லத்திலிருந்து புதிய இல்லத்திற்குக் கொண்டுசெல்லப்படும். புறப்பாட்டிற்குமுன் பூசகர் ஒருவர் சேவல் கூவுவதுபோல் மும்முறை ஒலியெழுப்புவார். அவ்வொலி உட்கோயிலில் ‘ககேகோ’ என்றும், புறக்கோயிலில் ‘ககேரோ’ என்றும் அமையும். இவ்விடப்பெயர்ச்சியே ‘செங்யோ’ எனப்படும். மரம் வெட்டுதலும் தூண் நடுதலும் கூரை வேய்தலும் இதனை நோக்கிய ஆயத்தங்களே ஆகும்.

2. இருபது என்னும் எண்

இசேயில் இரு தலைமைக் கோயில்கள் உள்ளன. அமதெராசு என்னும் ஞாயிற்றுத் தெய்வத்திற்குரியது ‘நைகூ’ எனப்படும் உட்கோயில். உணவுக்குரிய தொயோஉகே தெய்வத்திற்குரியது ‘கெகூ’ எனப்படும் புறக்கோயில். ஜிதோ பேரரசியின் காலத்தில், 690இல் உட்கோயிலுக்கும் 692இல் புறக்கோயிலுக்கும் முதல் செங்கூ நடந்ததாகக் கொள்வர். 927இல் தொகுத்து முடிக்கப்பெற்ற ‘எங்கிஷிகி’ என்னும் விதித்தொகுப்பு, ‘இருபது ஆண்டுக்கு ஒருமுறை’ புதுக்கட்டடம் எழுப்பவேண்டும் என வகுத்தது.

இத்தொடரின் பொருள் காலந்தோறும் ஒன்றாக இருக்கவில்லை. பண்டைக் காலத்தில் முதலாண்டையும் இறுதியாண்டையும் சேர்த்தே எண்ணினர். எனவே இருபதாம் ஆண்டில் செங்கூ வந்தது. 690க்கு அடுத்தது 709. 747, 766, 785 என்னும் ஆண்டுகளும் இவ்வாறு அமைந்தவையே. அதாவது இன்றைய கணக்கில் இடைவெளி பெரும்பாலும் 19 ஆண்டுகளாக இருந்தது. இருபது ஆண்டுகள் முழுதும் கழிந்தபின் செய்தல் என்னும் பொருள் பின்னரே நிலைபெற்றது. விதியின் சொற்கள் மாறவில்லை. அவற்றைப் படித்த முறை மாறியது.

இம்முறை எப்போது உறுதிப்பட்டது என்பதை ஆண்டுகளே காட்டுகின்றன. 1609, 1629, 1649 எனத் தொடங்கி 1849, 1869 வரை 42ஆம் முறை முதல் 55ஆம் முறை வரையிலான பதினான்கு செங்கூக்கள் சரியாக இருபது ஆண்டு இடைவெளியில் நடந்தன. இவற்றுள் பதின்மூன்று தொகுகாவா ஆட்சியிலேயே நிறைவேறின. 1869ஆம் ஆண்டினதும் அவ்வாட்சியில் ஆயத்தம் செய்யப்பெற்று மேய்ஜி அரசின் கீழ் நடந்ததாகும். அதற்கு முன்னோ பின்னோ இத்துணை நீண்ட காலத்திற்கு இக்கால ஒழுங்கு தவறாது பேணப்பட்டதில்லை. இரண்டாம் உலகப்போரின் விளைவாக 1949ஆம் ஆண்டுக்குரிய செங்கூ 1953க்குத் தள்ளிப்போயிற்று. ஆகவே பழைமையின் அடையாளமாகக் கருதப்படும் இருபதாண்டு ஒழுங்கு, உண்மையில் தொகுகாவா காலத்து ஆட்சிமுறையின் சாதனை எனலாம்.

3. இடைமுறிவும் பிக்குணிகளும்

இவ்வொழுங்குக்கு முன்னர் நீண்டதொரு முறிவு இருந்தது. நாடு தழுவிய வரியைக்கொண்டு செங்கூ நடத்தும் முறை, நடுவணாட்சி தளர்ந்தபோது சிதைந்தது. உள்நாட்டுப் போர்கள் நிறைந்த காலத்தில் உட்கோயில் 1462 முதல் 1585 வரை 123 ஆண்டுகளும், புறக்கோயில் 1434 முதல் 1563 வரை 129 ஆண்டுகளும் முறையான செங்கூ இன்றி நின்றன. நிலத்தில் நேரே புதைத்த தூண்களும் புல்வேய்ந்த கூரையும் கொண்ட கட்டடங்கள் அத்துணைக் காலம் தாங்குவன அல்ல. பழுதுபார்த்தலும், தெய்வத்தைத் தற்காலிக மண்டபத்திற்கு மாற்றுதலும் இடையிடையே நடந்தன. ஒரு தச்சன் தன் மகனுக்குக் கைப்பழக்கமாகக் கற்பிக்கும் தொழிலறிவு, நான்கைந்து தலைமுறைகள் பயிற்சியின்றி முழுமையாக எஞ்சியிருத்தல் அரிது. இருபதாண்டு இடைவெளி தொழில்நுட்பத்தைக் கையளிப்பதற்காக வகுக்கப்பட்டது என்னும் விளக்கம் இவ்விடத்தில் போதாததாகிறது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டு முதல் திரண்ட அளவுக் குறிப்புகளும் ஏடுகளும் இன்றி மீட்பு இயன்றிராது. 804இல் எழுதி அரசவைக்கு அளிக்கப்பெற்ற உட்கோயில் சடங்குநூல் இவ்வகையில் முதன்மையானது.

வழக்கத்தை மீட்டவர்கள் பேரரசர் அல்லர், படைத்தலைவரும் அல்லர். உஜி ஊரிலிருந்த ‘கெய்கோயின்’ என்னும் புத்த மடத்தின் பிக்குணிகளே அம்முயற்சியைத் தொடங்கினர். செய்ஜுன் என்னும் பிக்குணி நாடெங்கும் நன்கொடை திரட்டி 1563இல் புறக்கோயிலின் செங்கூவை நிறைவேற்றினார். அவர்வழி வந்த ஷூயோ அப்பணியை உட்கோயிலுக்காகத் தொடர்ந்தார். 1582இல் ஓதா நொபுநாகாவிடம் 1000 ‘கன்’ செப்புக்காசு வேண்டப்பட்டது. இவாஷிமிசு ஹசிமான் கோயில் பணிக்கு 300 ‘கன்’ எனத் தொடங்கி 1000க்கு மேல் ஆனதைச் சுட்டிய நொபுநாகா 3000 ‘கன்’ அளிக்க ஆணையிட்டார் என அவர்தம் வரலாற்றேடு குறிக்கிறது. அவர் அவ்வாண்டிலேயே இறந்தார். பின்னர் தொயொதோமி ஹிதெயோஷியின் ஆதரவுடன் 1585இல் இரு கோயில்களின் செங்கூவும் ஒரே ஆண்டில் நடந்தன. எது முந்தியது என இரு கோயிலாரிடையே எழுந்த பூசல், உட்கோயிலே முந்தியது என்னும் தீர்ப்பால் முடிந்தது.

4. விலக்குச் சொற்கள்

பிக்குணிகளின் பங்கு வியப்புக்குரியது என்பதற்குக் காரணம் இசேயின் சடங்கு மொழியிலேயே உள்ளது. புத்த சமயம் சார்ந்த பொருள்களை அவற்றின் பெயரால் குறித்தல் அங்கு விலக்கப்பட்டிருந்தது. அவற்றுக்கு மாற்றாக வழங்கிய சொற்கள் ‘இமிகொதொபா’ எனப்படும். 804ஆம் ஆண்டுச் சடங்குநூலும் எங்கிஷிகியும் இவற்றைப் பட்டியலிடுகின்றன. புத்தர் ‘நககோ’ (நடுப்பிள்ளை). சூத்திர நூல் ‘சொமெகமி’ (சாயமிட்ட தாள்). விகாரம் ‘கவராபுகி’ (ஓடு வேய்ந்தது). துறவி ‘கமினாகா’ (நீள்முடியர்) என்றும், பிக்குணி ‘மெகமினாகா’ (நீள்முடிப் பெண்) என்றும் குறிக்கப்பெற்றனர். தலை மழித்தவர்க்கு நீள்முடியர் என்பது எதிர்மறைப் பெயராகும்.

மற்றொரு பிரிவில் பொதுவான தீமைகளுக்குரிய சொற்கள் உள்ளன. இறத்தல் ‘நவோரு’ (நலம்பெறுதல்). நோய் ‘யசுமி’ (ஓய்வு). குருதி ‘அசே’ (வியர்வை). அடித்தல் ‘நது’ (வருடுதல்). இறைச்சி ‘குசாபிரா’ (காளான்).

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். இறந்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். இசேயின் ‘நவோரு’ அவ்வகையினது. புத்த சமயச் சொற்களோ மங்கல நோக்கமும் குழூஉக்குறித் தன்மையும் ஒருங்கே கொண்டவை. கோயிலார் தமக்குள் வழங்கி, வேற்றுச் சமயத்தை எல்லைக்கு வெளியே நிறுத்தியவை.

சொல்லில் மட்டுமன்றி இடத்திலும் இவ்விலக்கு இருந்தது. துறவிகள் திருமுன் நெருங்கல் ஆகாது. தொலைவில் ஒதுக்கிய இடத்தினின்றே வணங்கவேண்டும். 1684இல் இசே சென்ற பாஷோ என்னும் கவிஞர், தாம் துறவி அல்லராயினும் தலை மழித்திருந்தமையால் திருமுன் செல்ல ஒப்பப்படவில்லை எனத் தம் பயணநூலில் எழுதியுள்ளார். யாருடைய பெயரைச் சொல்வதே விலக்கப்பட்டிருந்ததோ அவர்களால்தான் கோயில் மீண்டும் எழுந்தது என்பது செங்கூ வரலாற்றின் முதன்மையான உண்மைகளுள் ஒன்றாகும்.

இவ்வுறவு நீடிக்கவில்லை. தொகுகாவா ஆட்சியினர் 1603இல் யமதா ஊரில் தம் அதிகாரியை அமர்த்தினர். செங்கூவின் செலவு ஆட்சியின் பொறுப்பாயிற்று. கெய்கோயின் தலைவியர் சில முறைகள் செங்கூப் பணியில் பங்கு பெற்றனர் எனினும் 1669ஆம் ஆண்டு செங்கூவுக்கு முன்னர் அவ்வுரிமையை இழந்தனர். மேய்ஜி ஆட்சியின் தொடக்கத்தில் மடமே மூடப்பட்டது. எஞ்சிய அதன் விருந்தினர் மாளிகை இன்று இசே கோயில் தலைமைப் பூசகரின் உறையுளாக உள்ளது.

5. மரமும் மலையும்

செங்கூவுக்கு ஹினொகி என்னும் ஊசியிலை மரம் பெருமளவில் வேண்டும். இக்காலச் செங்கூ ஒன்றுக்குப் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் தேவைப்படுகின்றன. தொடக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த மலைகளே அவற்றைத் தந்தன. பெருமரங்கள் தீர்ந்தபின் மரம் வெட்டும் மலை இடம் மாறிக்கொண்டே சென்றது. 17ஆம் நூற்றாண்டில் மியா ஆற்றின் மேற்புறத்திலுள்ள ஓசுகிப் பள்ளத்தாக்கு அவ்விடமாக இருந்தது. 1709ஆம் ஆண்டு செங்கூவுக்கு ஓவாரிக் குறுநிலத்தின் ஆளுகையிலிருந்த கிசோ மலைக்காடுகளிலிருந்து மரம் வந்தது. பின்னர் கிசோவே முதன்மையான மரவளமாயிற்று.

இம்மாற்றத்தின் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். கோட்டைகளுக்கும் நகரங்களுக்குமாக மிகுதியாக வெட்டப்பட்டமையால் கிசோ காடுகள் 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே நலிந்திருந்தன. 1665 முதல் ஓவாரி அரசு காடுகளை மூடத் தொடங்கிற்று. 18ஆம் நூற்றாண்டில் ஹினொகி உள்ளிட்ட ஐவகை மரங்களை மலைவாழ் மக்கள் வெட்டுதல் தடைசெய்யப்பட்டது. ‘மரம் ஒன்றுக்குத் தலை ஒன்று’ என்னும் வழக்குமொழி அத்தடையின் கடுமையைக் குறிக்கிறது. தம் வீட்டுக்கு ஒரு தூண் வெட்டவியலாத ஊர்களின் வழியே தெய்வத்தின் இல்லத்திற்குரிய மரங்கள் ஆற்றில் மிதந்து சென்றன. காடு காக்கப்பட்டமையால் செங்கூ நிலைத்தது; அக்காவலின் விலையைக் கொடுத்தவர் மலைமக்கள். இசே ஊரார்க்கோ மரத்தை ஆற்றிலும் தரையிலும் இழுத்துவருதல் ‘ஒகிஹிகி’ என்னும் திருவிழாவாயிற்று. ஒரே மரம் ஓரிடத்தில் தடையாகவும் மற்றோரிடத்தில் விழாவாகவும் விளங்கிற்று.

6. மாறாமை என்னும் கருத்து

மீட்கப்பட்ட கட்டடம் பழையதன் நேர்ப்படி அன்று. ஃபுகுயாமா தொஷியோ முதலிய கட்டடக்கலை வரலாற்றறிஞர்கள் பண்டை ஏடுகளின் அளவுகளைப் பிற்காலக் கட்டடங்களோடு ஒப்பிட்டு இதனை விளக்கியுள்ளனர். பண்டைக் காலத்தில் உட்கோயிலின் இரு கருவூலங்களும் தலைமைக் கோயிலின் பின்புறத்தே நின்றன. இடைமுறிவுக்குப் பின் அவை அதனோடு ஒரே வரிசையில் அமைந்தன. தொகுகாவா காலத்தில் இசே வந்தோர் கண்ட அமைப்பு இதுவே. மேய்ஜி காலத்தில் பண்டை ஏடுகளை ஆதாரமாகக் கொண்டு அவை மீண்டும் பின்னே மாற்றப்பட்டன. ஆகவே இன்று காணப்படும் அமைப்பு இடையறாத மரபால் வந்ததன்று, ஏட்டாராய்ச்சியால் மீட்கப்பட்டதாகும். அவ்வாராய்ச்சிக்குத் தளம் அமைத்ததும் தொகுகாவா காலமே. புறக்கோயில் பூசகராகிய வதராய் நொபுயோஷியின் முயற்சியால் 1648இல் தொயொமியாசாகி நூலகம் நிறுவப்பட்டது குறிப்பிடத்தக்கது.

7. மக்களின் சொல்: ‘ஒகாகே’

கட்டுமானம் அரசின் கையில் இருந்தபோது, வழிபாடு மக்களின் கைக்கு வந்தது. இசேயின் பூசக முகவர்கள் ஊர்தோறும் சென்று காப்புச்சீட்டும் நாள்காட்டியும் வழங்கினர். 1650, 1705, 1771, 1830 ஆகிய ஆண்டுகளில் பெருந்திரளான மக்கள் இசே நோக்கிச் சென்றனர். 1705இல் ஏறத்தாழ ஐம்பது நாள்களில் 36 இலட்சத்து 20 ஆயிரம் பேர் சென்றனர் என்னும் கணக்கை மொதோரி நொரினாகா பதிவுசெய்துள்ளார். இப்பயணம் ‘ஒகாகே மாயிரி’ எனப்பட்டது. ‘காகே’ என்பது நிழல். ‘ஒ’ உயர்வு முன்னொட்டு. நிழல் என்னும் சொல் காப்பையும் அருளையும் குறித்தல் தமிழிலும் உண்டு. மன்னன் குடைநிழல் என்பதை ஒப்பிடலாம். செங்கூவுக்கு அடுத்த ஆண்டு அருள்மிக்கது என்னும் நம்பிக்கையில் அதனை ‘ஒகாகே ஆண்டு’ என்றனர். 1650, 1830 ஆகியவை இதற்குப் பொருந்துகின்றன. 1705, 1771 பொருந்தவில்லை. அரசு வகுத்த ஆண்டுக்கு மக்கள் கட்டுப்படவுமில்லை, அதனை மறக்கவுமில்லை. 1684இல் திருமுன் செல்ல ஒப்பப்படாத பாஷோவும், 1689இல் தம் நெடும்பயணத்தின் முடிவில் ஓகாகியிலிருந்து படகேறிச் செங்கூவைத் தொழவே இசே சென்றார்.

8. பிற கோயில்களில் செங்கூ

இசேயை மட்டும் நோக்குவோர்க்குச் செங்கூ என்பதும் மறுகட்டுமானம் என்பதும் ஒன்றெனத் தோன்றும். பிற கோயில்கள் அம்மயக்கத்தை நீக்குகின்றன. இசுமோ பெருங்கோயில் 1667இல் புத்த சமயக் கூறுகளை நீக்கிப் புதிதாகக் கட்டப்பட்டது. அப்பணிக்குத் தஜிமா நாட்டு மலையொன்றிலிருந்து பெருமரங்கள் பெற்றமைக்கு மாற்றாக, இசுமோவின் மூன்றடுக்குப் புத்த தூபம் 1665இல் அங்குப் பெயர்த்து அமைக்கப்பட்டது. இன்றுள்ள தலைமைக் கட்டடம் 1744இல் எழுந்தது. அதன்பின் 1809, 1881, 1953, 2013 ஆகிய ஆண்டுகளில் அங்குச் செங்கூ நடந்துள்ளது. கட்டடமோ 1744ஆம் ஆண்டினதே. தெய்வம் தற்காலிக மண்டபத்திற்கு மாறும். கூரை முதலியன பழுதுபார்க்கப்படும். பின் தெய்வம் திரும்பும். இதுவும் செங்கூ எனவே வழங்கும். கியோத்தோவின் இரு கமோ கோயில்களின் தலைமைக் கட்டடங்களும் 1863ஆம் ஆண்டின. அங்கும் இன்றைய செங்கூ பழுதுபார்த்தலோடே நடைபெறுகிறது. நாராவின் கசுகா கோயிலோ தன் இருபதாண்டுப் பணியைச் ‘சோதை’ எனக் குறிக்கும். இச்சொல்லில் கட்டுதல், மாற்றுதல் என்னும் இரு பொருளும் உண்டு. ஆயினும் அங்கும் 1863க்குப் பின் நடந்தவை செப்பனிடும் பணிகளே. மறுகட்டுமானம் இன்றியும் செங்கூ உண்டு. கட்டுதலைக் குறிக்கும் சொல் நிலைக்கக் கட்டுதல் நின்றுபோதலும் உண்டு.

9. தமிழாக்கம் பற்றிய குறிப்புகள்

மேற்கூறியவற்றால் ‘செங்கூ’ என்பதைத் தமிழில் மறுகட்டுமானம் எனப் பெயர்த்தல் பொருந்தாது என்பது பெறப்படும். குடமுழுக்கு என்பதும் பொருந்தாது. அது நீராட்டித் திருநிலைப்படுத்துவதை முதன்மையாகக் கொண்டது. செங்கூவின் மையமோ இடப்பெயர்ச்சி. தமிழில் தெய்வத்தின் வருகையையும் புறப்பாட்டையும் குறிக்கும் ‘எழுந்தருளல்’ என்னும் சொல் ‘செங்யோ’ என்பதற்கு நன்கு பொருந்தும். திருப்பணிக் காலத்தில் இறைவன் தங்கும் தற்காலிக மண்டபத்தைக் குறிக்கும் ‘கரிதொனோ’ என்பதற்கு இளங்கோயில் என்னும் பழஞ்சொல்லும் பாலாலயம் என்னும் வழக்குச் சொல்லும் உள்ளன. ‘செங்கூ’ என்பதற்குத் ‘திருமனை மாற்றம்’ என்னும் தொடரை ஆளலாம். ‘சோஎய்’ என்பதற்குக் கட்டுமானம் என்பதைத் தனியே நிறுத்திக்கொள்ளவேண்டும்.

இவ்விரு சொற்களையும் பிரித்துக் காத்தல் வெறும் சொல்லாய்வு அன்று. திருமனை மாற்றம் என்பது கோயிலார் தம் செயலுக்கு இட்ட பெயர். அப்பெயரில் மரம் வெட்டினவரும் பொருள் திரட்டினவரும் இல்லை. கட்டுமானம் என்னும் சொல்லால் மட்டுமே செய்ஜுனும் ஷூயோவும் கிசோ மலைமக்களும் வரலாற்றுக்குள் வருகின்றனர். முதற்சொல்லை மட்டும் பெயர்ப்பவர் இவர்களை இழப்பார். இரண்டாவதை மட்டும் பெயர்ப்பவர் இவர்கள் எதற்காக உழைத்தனர் என்பதை இழப்பார். தொகுகாவா காலத்து இசேயின் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர்க்கு இரு சொற்களும் வேண்டும்.